நயாகரா: அருவி ஒண்ணு, விசா ரெண்டு

(எங்கள் ஒலிப்பதிவின் எழுத்து வடிவம் இது. வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் நான் பண்ண ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்கிறேன்.

அம்மாவும் அப்பாவும் தென்காசியில இருந்து நியூ ஜெர்சிக்கு என்னைப் பார்க்க வந்திருந்தாங்க. ஜூலை மாசம் நயாகரா கூட்டிட்டுப் போறதா பிளான். ஒரு நாள் ராத்திரி பன்னெண்டு மணிக்கு லேப்டாப்பைத் திறந்து "நயாகரா ஃபால்ஸ்"னு அடிச்சேன். நல்ல ஹோட்டல் ஒண்ணு வந்துச்சு. ஜன்னல்ல இருந்தே அருவி தெரியும்னு போட்டிருந்தான். ரெண்டு ராத்திரி. கேன்சல் பண்ணா பணம் வராதுங்கிறதால விலை கொஞ்சம் கம்மி. புக் பண்ணிட்டுத் தூங்கிட்டேன்.

காலையில அப்பா காபி குடிச்சுக்கிட்டே பிரிண்ட் எடுத்த பேப்பரைப் பார்த்துட்டுக் கேட்டார்: "இதுல ஒன்டாரியோன்னு போட்டிருக்கேப்பா, அது எந்த ஸ்டேட்?"

அது அமெரிக்காவுலயே இல்ல. கனடா. ரெண்டு பேர் பாஸ்போர்ட்டுலயும் இருந்தது அமெரிக்க விசா மட்டும்தான்.

இதை நான் மட்டும் பண்ணல. எபிசோடுக்காக நண்பர்கள்கிட்ட பேசினப்போ, ரெண்டு பேர் "நானும்தான்"னு கையைத் தூக்கினாங்க. காரணம் எளிமையானது. நயாகரா ஆத்துக்கு ரெண்டு கரையிலும் ரெண்டு ஊர் இருக்கு, ரெண்டுக்கும் ஒரே பேர். கிழக்குக் கரையில நயாகரா ஃபால்ஸ், நியூ யார்க். மேற்குக் கரையில நயாகரா ஃபால்ஸ், ஒன்டாரியோ. நியூ யார்க்ல இருந்து டொரோன்டோ போற ரயில்ல இன்னும் வேடிக்கை. ஒரு ஸ்டேஷன் பேர் நயாகரா ஃபால்ஸ், பாலம் தாண்டினா அடுத்த ஸ்டேஷன் பேரும் நயாகரா ஃபால்ஸ். தூங்கிட்டா நாடு மாறிடும். கார்ல வர்றவங்களும் ஜிபிஎஸ்ல வெறும் ஊர் பேரை மட்டும் போடாதீங்க. அது பாட்டுக்கு உங்களை ரெயின்போ பாலத்துல கொண்டுபோய் விட்டுடும். அந்தப் பாலத்துல ஏறிட்டா நடுவுல யூ-டர்ன் கிடையாது.

சரி, இந்த ஹோட்டல் கதை எங்க வீட்டுல ஏன் பெரிய விஷயமாச்சுன்னா, அதுக்குக் காரணம் என் தங்கச்சி. அவ டொரோன்டோவுல இருக்கா. படிக்கப் போனவ, இப்போ ஒர்க் பெர்மிட்ல வேலை பார்க்கிறா. அம்மா அவளைப் பார்த்து ரெண்டரை வருஷம் ஆச்சு. டொரோன்டோவுல இருந்து அருவிக்கு 130 கிலோமீட்டர்தான். அவ அமெரிக்கா வர அமெரிக்க விசா வேணும். அவளுக்குக் கிடைச்ச நேர்காணல் தேதி, அம்மா அப்பா ஊருக்குத் திரும்பினதுக்கு அப்புறம். நாங்க அங்க போகக் கனடா விசா வேணும். அதுக்கு ரொம்ப லேட்டாத்தான் அப்ளை பண்ணேன், தப்பு என்னோடதுதான். "ஒரே அருவிக்குத்தானே ரெண்டு பக்கமும் வர்றோம், அங்க வச்சுப் பார்த்துக்க முடியாதா?"ன்னு அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் தேடினப்போ தெரிஞ்சதைத்தான் இந்த எபிசோடுல சொல்லப் போறேன்.

முதல்ல காகித விஷயம். போரடிக்கும், ஆனா இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க.

"அமெரிக்க விசா இருந்தா கனடாவுக்குள்ள விட்டுடுவாங்க"ன்னு வாட்ஸ்அப்புல சுத்துற விஷயம், இந்திய பாஸ்போர்ட்டுக்குப் பொருந்தாது. அமெரிக்காவுல வேலை விசா, மாணவர் விசா, விசிட்டர் விசா எதுல இருந்தாலும், பாலத்தைத் தாண்டக் கனடாவோட விசிட்டர் விசா தனியா வேணும். கிரீன் கார்டு இருக்கிறவங்களுக்கு மட்டும் விலக்கு. இந்திய பாஸ்போர்ட்டையும் கிரீன் கார்டையும் காட்டினா போதும். எதிர்ப் பக்கத்துல இருந்து பார்த்தா, கனடா குடியுரிமை வாங்கினவங்களுக்கு அமெரிக்க விசா தேவையில்லை. ஆனா கனடாவோட பி.ஆர். மட்டும் இருந்து, கையில இந்திய பாஸ்போர்ட்னா அமெரிக்க விசா கண்டிப்பா வேணும். பி.ஆர். வாங்கிட்டோமே, இனி அமெரிக்கா சும்மா போயிட்டு வரலாம்னு நினைச்சு வந்து, பாலத்துல திரும்பிப் போறவங்க இருக்காங்க.

அடுத்தது எனக்கே இருந்த பயம். என் எச்-1பி புதுப்பிச்சாச்சு, ஐ-94 தேதியும் இருக்கு. ஆனா பாஸ்போர்ட்டுல ஒட்டியிருக்கிற விசா ஸ்டாம்ப் காலாவதி. எனக்குக் கனடா விசா கிடைச்சு அந்தப் பக்கம் போயிட்டாலும், திரும்பி உள்ள விடுவாங்களா? இதுக்கு அமெரிக்க விதியில "ஆட்டோமேட்டிக் விசா ரீவேலிடேஷன்"னு ஒண்ணு இருக்கு. கனடா மாதிரி பக்கத்து நாட்டுக்கு மட்டும் போய், 30 நாளுக்குள்ள திரும்பி, ஐ-94 செல்லுபடியா இருந்தா, காலாவதியான ஸ்டாம்ப்போடயே திரும்ப வரலாம். ஒரு முக்கியமான நிபந்தனை: அங்க இருக்கும்போது புது அமெரிக்க விசாவுக்கு அப்ளை பண்ணக் கூடாது. பண்ணிட்டா இந்தச் சலுகை போச்சு, புது விசா கைக்கு வர்ற வரைக்கும் அங்கதான். ஐ-94 பிரிண்ட்டும், எச்-1பி ஒப்புதல் கடிதமும் கையில வச்சுக்கோங்க. கிளம்புற வாரம் ரெண்டு நாட்டோட அதிகாரப்பூர்வ குடியேற்றப் பக்கங்களையும் ஒரு தடவை படிச்சிடுங்க, இந்த விதியெல்லாம் மாறிக்கிட்டே இருக்கும். உங்க நிலைமை கொஞ்சம் சிக்கல்னா, என்னை மாதிரி மைக் முன்னாடி உட்கார்ந்திருக்கிறவனைக் கேட்காதீங்க, வக்கீலைக் கேளுங்க.

அப்புறம், "பாலத்துல பாதி வரைக்கும் நடந்து போய், அந்த எல்லைக்கோட்டுப் பலகைகிட்ட கையைப் பிடிச்சுட்டு வந்துடலாமே"ன்னு நண்பன் ஒருத்தன் ஐடியா கொடுத்தான். ரெயின்போ பாலத்துல நடந்து போகலாம், நடுவுல எல்லையைக் காட்டுற பலகையும் இருக்கு, எல்லாம் சரிதான். ஆனா பாதியில திரும்பினாலும் நீங்க அமெரிக்க அதிகாரி முன்னாடி போய் நின்னுதான் உள்ள வரணும். அந்தப் பக்கம் தங்கச்சி திரும்பிப் போய் கனடா அதிகாரி முன்னாடி நிக்கணும். ஒர்க் பெர்மிட்டை நம்பி வாழ்றவ, விசிட்டர் விசாவுல வந்த வயசானவங்க, காலாவதி ஸ்டாம்ப்போட நான். மூணு பேருமே ஒரு அதிகாரிகிட்ட "சும்மா பார்க்க வந்தோம்"னு விளக்கம் சொல்ற நிலைமையை நாங்களே உண்டாக்கிக்க வேண்டாம்னு விட்டுட்டோம்.

இப்போ அருவிக்கு வருவோம். கனடா பக்கம்தான் அழகு, அமெரிக்கப் பக்கம் ஒண்ணும் தெரியாதுன்னு எல்லாரும் சொல்வாங்க. பாதி உண்மை. நயாகரா ஒரு அருவி இல்ல, மூணு. பெருசு, குதிரை லாடம் மாதிரி வளைஞ்சது, ஹார்ஸ்ஷூ. அது பெரும்பாலும் கனடாவுக்குள்ள. ஆத்துத் தண்ணியில ஏறத்தாழ 90 சதவீதம் அதுலதான் விழுது. உயரம் சுமார் 57 மீட்டர். அமெரிக்கன் அருவியும், அதை ஒட்டி இருக்கிற சின்ன பிரைடல் வெய்ல் அருவியும் முழுக்க அமெரிக்காவுக்குள்ள. இந்த ரெண்டும் பள்ளத்தாக்கோட கிழக்குச் சுவர்ல இருந்து விழுறதால, அதோட முகம் எதிர்க்கரையைப் பார்த்து இருக்கு. அமெரிக்கால நிக்கிற நாம தியேட்டர்ல திரைக்குப் பக்கவாட்டுல நிக்கிற மாதிரி. முழுப் படம் கனடாவுல உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத்தான்.

ஆனா கிட்டப் போறது அமெரிக்கப் பக்கம்தான். நடுவுல கோட் ஐலண்ட்னு ஒரு தீவு. அதோட ஒரு முனை டெரபின் பாயின்ட். ஹார்ஸ்ஷூ அருவியோட உதட்டுல நிக்கிறோம்னே சொல்லலாம். கம்பிக்கு அந்தப் பக்கம், கைக்கு எட்டுற மாதிரி, பச்சை நிறத்துல தண்ணி சத்தமே இல்லாம வளைஞ்சு, அப்புறம் காணாமப் போகுது. அப்பா பத்து நிமிஷம் பேசவே இல்ல. குற்றாலம் மெயின் அருவியில எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு நின்னு வளர்ந்த மனுஷன். கடைசியில, "எல்லாம் சரி, தலையைக் கொடுக்க முடியலையே"ன்னார்.

இந்த ஸ்டேட் பார்க் 1885-ல ஆரம்பிச்சது, அமெரிக்காவோட மிகப் பழைய ஸ்டேட் பார்க். உள்ள போகக் காசு கிடையாது, பார்க்கிங்குக்குத்தான் கொடுக்கணும். கேவ் ஆஃப் த விண்ட்ஸ்ன்னு ஒரு இடத்துல லிஃப்ட்ல கீழ இறங்கி, மரப் படிக்கட்டு வழியா பிரைடல் வெய்ல் அருவிக்கு சுமார் ஆறு மீட்டர் கிட்ட போகலாம். குளிக்கிறதுக்கு இதுதான் பக்கத்துல வர்ற விஷயம். குளிர்காலத்துல ஐஸ் உடைச்சிடும்னு அந்த மேடைகளை ஒவ்வொரு வருஷமும் கழட்டிட்டு, வசந்தத்துல திரும்பக் கட்டுறாங்க. அம்மாவுக்கு முட்டி வலி, அதனால அவங்க மேலயே இருந்துட்டாங்க. அப்பா மட்டும் போய் தலையைக் கொடுத்துட்டு வந்தார்.

நேரத்தைப் பத்தி ஒரு விஷயம். இது தெரிஞ்சப்போ எனக்குக் கொஞ்சம் ஏமாத்தப்பட்ட மாதிரி இருந்துச்சு. நயாகராவுக்குக் குழாய் இருக்கு. நிஜமாவே. ஈரி ஏரியில இருந்து சராசரியா நொடிக்கு 5,700 கன மீட்டர் தண்ணி வருது. ரெண்டு நாடும் மேல இருந்தே அதுல ஒரு பங்கைச் சுரங்கக் குழாய்ல திருப்பி மின்சாரம் எடுக்குது. எவ்வளவு எடுக்கலாம்னு 1950-ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. சுற்றுலா சீசன்ல பகல்ல நொடிக்குக் குறைஞ்சது 2,832 கன மீட்டர் அருவியில விழணும். மத்த நேரத்துல அதுல பாதி, 1,416 இருந்தா போதும். ஏப்ரல் 1-ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் "பகல்"னா காலை 8 மணியில இருந்து ராத்திரி 10 மணி. செப்டம்பர் 16-ல இருந்து அக்டோபர் கடைசி வரைக்கும் ராத்திரி 8 மணியோட முடியும். நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் நாள் முழுக்கக் குறைஞ்ச அளவுதான். அதனால ராத்திரி கலர் லைட் போட்ட அருவியைப் பார்க்கணும்னா பத்து மணிக்கு முன்னாடியே பார்த்துடுங்க. இன்னும் ஒரு படி மேல: 1969-ல பாறை எப்படி அரிக்குதுன்னு ஆராய, அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் தற்காலிக அணை கட்டி, அமெரிக்கன் அருவியை மாசக்கணக்கா நிறுத்தியே வச்சாங்க. காய்ஞ்ச பாறையைப் பார்க்கவும் கூட்டம் வந்துச்சாம்.

வானவில் வேணும்னா சூரியன் முதுகுக்குப் பின்னாடி இருக்கணும். அமெரிக்கக் கரையில காலையில, கனடாக் கரையில மதியத்துக்கு மேல. அப்புறம் போன். ஆத்தங்கரையில நின்னா அது அடிக்கடி எதிர்க்கரை டவரைப் பிடிச்சுக்கும், ரோமிங் பில் ஏறும். ஆட்டோமேட்டிக்கை எடுத்துட்டு உங்க நெட்வொர்க்கை நீங்களே தேர்வு பண்ணி வச்சிடுங்க.

இப்போ அம்மாவோட கேள்விக்கு வர்றேன். பாஸ்போர்ட் காட்டாம ரெண்டு பக்கத்து ஆளுங்களும் எவ்வளவு கிட்ட வர முடியும்?

பதில், படகு. அமெரிக்கக் கரையில இருந்து மெய்ட் ஆஃப் த மிஸ்ட் கிளம்புது, நீல மழைக்கோட்டு கொடுப்பாங்க. கனடாக் கரையில இருந்து வேற கம்பெனி படகு, சிவப்பு மழைக்கோட்டு. ரெண்டும் ஒரே தண்ணியில, ஒரே ஹார்ஸ்ஷூ அருவியோட அடிவாரத்துக்குத்தான் போகுது. எல்லைக்கோடு ஆத்துக்கு நடுவுல ஓடுறதால, நம்ம நீலப் படகும் கனடாவோட தண்ணிக்குள்ள போய்ட்டுத்தான் வருது. கரையில இறங்குறதில்லைங்கிறதால யாரும் எதுவும் கேட்கிறதில்ல. குளிர்காலத்துல மட்டும் படகு ஓடாது.

ஹோட்டலை என்ன பண்ணேன்னு சொல்லல இல்ல? போன் பண்ணி விருந்தாளி பேரைத் தங்கச்சி பேருக்கு மாத்திட்டேன். அவளும் அவளோட ரூம்மேட்டும் வெள்ளிக்கிழமை ராத்திரியே வந்துட்டாங்க. சனிக்கிழமை காலையில அவ டிக்கெட்டுல நேரம் பதினொண்ணே கால். நாங்க இந்தப் பக்கம் வரிசையில நின்னு, ரெண்டு படகை விட்டுட்டு, அவ "ஏறிட்டேன்"னு மெசேஜ் போட்டதும் ஏறினோம். நீலமும் சிவப்புமா எல்லாரும் ஒரே மாதிரி இருப்பாங்க, எப்படி அடையாளம் தெரியும்னு முந்தின நாளே யோசிச்சிருந்தோம். அவ பச்சை துப்பட்டாவைத் தலையில, மழைக்கோட்டுக்கு மேல கட்டிக்கிறதா பேச்சு.

அமெரிக்கப் பக்கத்துப் படகுகள் 2020-ல இருந்து மின்சாரத்துல ஓடுது. எஞ்சின் இரைச்சல் இல்ல. அவ படகு அருவிகிட்ட இருந்து திரும்புது, எங்க படகு உள்ள போகுது. நடுவுல ஒரு அரை நிமிஷம் இருக்கும். சிவப்புக் கூட்டத்துல ஓரத்துல ஒரு பச்சைப் புள்ளி, ரெண்டு கையையும் தூக்கி ஆட்டுது. அப்பா பேரைச் சொல்லிக் கத்தினார், எனக்கு அவ்வளவு சத்தமா அவர் கத்திக் கேட்ட ஞாபகமே இல்ல. அந்தப் பக்கம் இருந்து ஏதோ கேட்டுச்சு, என்னன்னு புரியல. அதுக்குள்ள சாரல் அடிச்சு எல்லாம் வெள்ளையாயிடுச்சு. அம்மா கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே சொன்னாங்க, "எளைச்சிட்டா."

அவ்வளவு தூரத்துல ஒரு புள்ளியைப் பார்த்து அது எப்படித் தெரிஞ்சுதுன்னு நான் கேட்கல.

அம்மா அவளுக்காகத் தென்காசியில இருந்தே ஒரு டப்பா முறுக்கு கொண்டு வந்திருந்தாங்க. எங்களோட வந்த நண்பன்கிட்ட கிரீன் கார்டு இருந்துச்சு. சாயங்காலம் அவன் டப்பாவைத் தூக்கிக்கிட்டு ரெயின்போ பாலத்துல நடந்தே போனான். சாப்பாட்டுப் பொருள் எது கொண்டு போனாலும் அதிகாரிகிட்ட முதல்லயே சொல்லிடணும், மறைச்சாத்தான் பிரச்சினை. அவனும் சொன்னான், திறந்து பார்த்துட்டு விட்டுட்டாங்களாம்.

ராத்திரி தங்கச்சி ஒரு போட்டோ அனுப்பினா. கம்பி மேல முறுக்கு டப்பா, பின்னாடி அமெரிக்கன் அருவி முழுசா, அதுக்கு மேல பிராஸ்பெக்ட் பாயின்ட்ல எறும்பு மாதிரி கூட்டம். அந்த நேரத்துல நாங்க அங்கதான் நின்னுக்கிட்டிருந்தோம். மோட்டல் ரூம்ல அம்மா அந்தப் போட்டோவைப் பெருசாக்கி, பெருசாக்கி, அதுல தான் எதுன்னு ரொம்ப நேரம் தேடிக்கிட்டிருந்தாங்க.